பரிசும் பரிசோதனையும்: பள்ளி மாணாக்கர் ஆய்வுகளைக் குறித்துச் சில சொல்

பரிசு என்னுஞ் சொல் நம் மொழியில் இரு பொருள் தரும். கொடை என்பது ஒன்று. தன்மை என்பது மற்றொன்று. ஒருவன் இப்பரிசினன் என்றால் இன்ன இயல்புடையவன் என்பது கருத்து. பண்டைப் புலவர் இவ்விரண்டனையும் பெரிதும் பிரித்துக் கண்டிலர். பெறுவோனது பரிசறிந்து அளிப்பதனையே பரிசில் என மதித்தனர். புறநானூற்றின் 208ஆம் பாட்டு எழுந்த வரலாறு இதற்குச் சான்றாகும். அதியமான் நெடுமான் அஞ்சியை நாடிச் சென்ற பெருஞ்சித்திரனார்க்கு, அம்மன்னன் தான் நேரிற் காணாமலே பொருளை அனுப்பிவைத்தான். வறுமையால் வாடிய அப்புலவர் அதனை ஏற்க மறுத்தார். பொருள் சிறிதென்பது அவர் குறையன்று. தம் புலமையை அளந்தறியாமல் தந்ததென்பதே குறை.

பரிசோதனை என்பது வடசொல். அதற்கும் பரிசு என்பதற்கும் உறவில்லையென்று சொல்லாராய்ச்சி வல்லார் எம்மைக் கடிந்துகொள்வர். ஒலியொப்புமை பற்றியே தலைப்பில் இரண்டனையும் அருகருகே நிறுத்தினோம். எனினும், இக்காலத்துப் பள்ளிச் சிறார்க்கு அறிவியல் ஆய்வுகளின் பொருட்டு அளிக்கப்பெறும் விருதுகளை நோக்குங்கால், இவ்விரு சொற்களும் உறவு கொண்டிருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் எமக்குத் தோன்றாமல் இல்லை. சோதித்தறிந்தது யாதென்று வினவாமல் தரப்படும் பரிசு, அஞ்சி அனுப்பிய பொருளை ஒத்தது.

இயற்கை வளம் அழியாமல் வாழ்தலும், மக்கள் உடலும் உள்ளமும் நலமுற வாழ்தலும் ஆகிய இவ்விரண்டும் இன்று பள்ளி ஆய்வுகளுக்குப் பெரிதும் குறிக்கப்பெறும் பொருள்கள். இவ்வகையில் நம் நாட்டில் நெடுங்காலம் நடைபெற்றது தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடாகும். இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவில் 1993இல் இது நாடளாவியதாகத் தொடங்கிற்று. தமிழகத்தில் இதனை ஊர்தோறும் கொண்டுசென்றது, 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம். ஆண்டுதோறும், அல்லது ஈராண்டுக்கொரு முறை, ஒரு மையப்பொருள் அறிவிக்கப்பெறும். 2020இல் குறிக்கப்பட்டது, வளங்குன்றா வாழ்வுக்கு அறிவியல் என்பது. 2022இல், உடல்நலத்துக்கும் நல்வாழ்வுக்கும் உயிர்ச்சூழலை அறிதல் என்பது. நாம் எடுத்துக்கொண்ட பொருள் இரண்டும் இம்மையப்பொருள்களிலேயே அடங்கிவிட்டமை காண்க.

இம்மாநாட்டின் நடைமுறையைச் சற்று விரித்துரைப்பது நம் மாணாக்கர்க்குப் பயன்படும். 10 வயது முதல் 17 வயது வரையுள்ள சிறுவர் சிறுமியர் இதிற் பங்குகொள்ளலாம். பள்ளிக்குச் செல்லாத பிள்ளைகட்கும் வாயில் அடைக்கப்படவில்லை. முன்பு ஐவர் ஒரு குழுவாயினர். பின்னர் அவ்வெண் இருவராகச் சுருங்கிற்று. குழுவினர் தம் ஊரிலேயே ஒரு சிக்கலைத் தேர்ந்து, சில திங்கள் அளந்தும் எண்ணியும் வினவியும் ஆராய்ந்து, அறிக்கை எழுதி, மாவட்ட மாநாட்டில் தம் தாய்மொழியிலேயே எடுத்துரைப்பர். அங்கிருந்து மாநிலத்துக்கும், மாநிலத்திலிருந்து தேசிய மாநாட்டுக்கும் சிலர் தெரிந்தெடுக்கப்படுவர். அன்றாடம் கண்டதைக் குறித்துவைக்கும் ஆய்வு நாட்குறிப்பேட்டினையும் உடன் காட்டல் வேண்டும்.

மதிப்பிடுவோர்க்கு வகுத்த அளவைகளில் ஒன்று எம் உள்ளத்தைக் கவர்ந்தது. மாவட்டத்திலும் மாநிலத்திலும் மதிப்பெண் இடுங்கால், அப்பிள்ளை எத்தகைய சூழலிலிருந்து வந்தது என்பதனையும் கருதி, வசதி குறைந்த பிள்ளைகட்கு ஈடுசெய்யும் பொருட்டுச் சில மதிப்பெண்களை ஒதுக்கியிருந்தனர். நகரத்துப் பெரும்பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியைக் கையாண்ட சிறுவனும், ஆடு மேய்த்துக்கொண்டே வயலில் தவளைகளை எண்ணிய சிறுமியும் ஒரே நிறைகோலில் வைக்கப்படலாகாது என்பது இதன் கருத்து. இஃது இரக்கத்தாற் செய்த சலுகையென்று சிலர் உரைப்பர். எம் கருத்து அதுவன்று. ஒருவர் எவ்வளவு தொலைவு நடந்தார் என்று அறிய, அவர் வந்துசேர்ந்த இடத்தோடு புறப்பட்ட இடத்தையும் அறிதல் வேண்டுமன்றோ? அளவையியலின் முதற்பாடமே இது.

இனி, பள்ளிக் கண்காட்சிகளைப் பற்றி ஒரு சொல். மதிப்பிடுவோராக அவ்வப்போது சென்றமரும் பழக்கம் எமக்குண்டு. எந்த ஊராயினும் காட்சி பெரும்பாலும் ஒன்றே. சோடா உப்பும் வினிகரும் நுரைத்துப் பொங்கும் எரிமலை ஒரு மேசையில் இருக்கும். தெர்மோகோலில் வெட்டிப் பச்சை வண்ணம் தீட்டிய வீடும், அதன் கூரையிலிருந்து மழைநீர் குழாய் வழி இறங்கும் தொட்டியும் அடுத்த மேசையில் இருக்கும். பிள்ளைகள் மனப்பாடம் செய்த உரையைத் தடையின்றி ஒப்பிப்பர். ஒருகால், மழைநீர்ச் சேமிப்பு உருவமைத்துக் காட்டிய மாணவன் ஒருவனை, “தம்பி, உங்கள் பள்ளிக் கூரையின் நீர் எங்கே போகிறது?” என்று கேட்டோம். அவன் தன் ஆசிரியரை நோக்கினான். ஆசிரியர் கூரையை நோக்கினார். அவ்வுருவத்துக்கே அன்று முதற்பரிசு. செய்த கை தந்தையின் கையா, அன்றிக் கடைத்தெருவில் விலைகொடுத்து வாங்கியதா என்பதனை யாம் ஆராயப் புகவில்லை. எமக்கு வருத்தம் தந்தது வேறு. அப்பரிசு அப்பிள்ளைக்கு ஒன்றனைக் கற்பித்துவிட்டது: தலைக்குமேல் உள்ள கூரையைக் காணவேண்டுவதில்லை, தெர்மோகோற் கூரையே போதும் என்பதனை. இயற்கைக்குக் கேடு சூழாமை பற்றிய காட்சிக்கு, மண்ணில் மக்காத தெர்மோகோலே கருவியாவதும் நகைப்புக்குரியதே.

பரிசு பிள்ளைகளின் ஆர்வத்தை வளர்க்குமா, குறைக்குமா என்னும் வினாவையும் ஈண்டுத் தொட்டுச் செல்லல் தகும். 1973இல் அமெரிக்க நாட்டு உளநூலார் மூவர், மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்டு நிஸ்பெட் என்போர், ஸ்டான்போர்டில் உள்ள மழலையர் பள்ளியொன்றில் ஒரு சோதனை நிகழ்த்தினர். வண்ணப் பேனாவால் படம் வரைவதில் இயல்பாகவே விருப்பமுடைய குழந்தைகளை மூன்று கூறாக்கினர். ஒரு கூறினர்க்கு, வரைந்தால் பொன்னிற முத்திரையும் நாடாவும் பதித்த நற்சான்றிதழ் கிடைக்கும் என்று முன்னரே உரைத்தனர். மற்றொரு கூறினர்க்கு ஒன்றும் உரையாமல், வரைந்து முடித்தபின் அதே சான்றிதழை அளித்தனர். மூன்றாங்கூறினர்க்கு ஒன்றுமில்லை. சின்னாள் கழித்து, பேனாக்களை வெறுமனே மேசைமீது வைத்துவிட்டு ஒதுங்கி நின்று நோக்கினர். பரிசை எதிர்நோக்கி வரைந்த குழந்தைகள், ஏனை இரு கூறினரும் செலவிட்ட காலத்தில் ஏறக்குறைய பாதியளவே படம் வரைந்தனர். எதிர்பாராது பரிசு பெற்றவர்க்கோ விருப்பம் குன்றவில்லை.

இதனால், பரிசுகளை அறவே ஒழித்தல் வேண்டும் என்று யாம் கூற வரவில்லை. அச்சோதனை மூன்று முதல் ஐந்து வயதினரைப் பற்றியது. பதினான்கு வயதினர்க்கு அதனை அப்படியே ஏற்றியுரைத்தல் அறிவியல் நெறியன்று. ஆயினும் பள்ளித் தலைவர்கட்கு ஒன்று சொல்லலாம். ஆய்வின் தொடக்கத்திலேயே சுழற்கோப்பையைக் காட்டி ஆசையூட்டுதல், இயல்பாக எழும் வினாவைக் கொல்லுதற்கு நேர்வழியாகும். 2022ஆம் ஆண்டுக்குரிய பொருளின் கீழ் ஆய்வு செய்த பிள்ளை, தன் வீட்டுக் கிணற்றைப் பற்றி உண்மையாகவே ஐயுற்றிருந்தால், அவ்வையமே அப்பிள்ளையை வெயிலில் நடத்தும்.

அவ்வாறு ஐயத்திலிருந்து பிறந்த ஆய்வுக்கு நம் தமிழகத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர் என்னும் மாணவி, தம் பன்னிரண்டாம் வயதில், தெருவில் இஸ்திரி போடும் தொழிலாளி எரிந்த கரியைக் கீழே கொட்டி ஆறவைப்பதைக் கண்டார். நாள்தோறும் நாமும் காணும் காட்சியே அது. இக்கரி எங்கிருந்து வருகிறது, எத்தனை மரம் இதற்கு வெட்டப்படுகிறது, இப்புகையை உள்வாங்கும் மனிதனது நுரையீரல் என்னாகும் என்று அவர் எண்ணத் தொடங்கினார். அவ்வெண்ணத்தின் விளைவு, கூரையில் சூரியத் தகடுகளைத் தாங்கி, மின்கலத்தில் ஆற்றலைச் சேமித்து, அதனால் இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றும் வண்டி. நல்ல வெயிலில் ஐந்து மணி நேரம் சேமித்தால் ஆறு மணி நேரம் பெட்டி இயங்கும் என்பது அவர் கணக்கு. தேசியப் புத்தாக்க நிறுவனம் 2019இல் அவருக்கு அப்துல் கலாம் பெயரால் அமைந்த இக்னைட் விருதளித்து, மாதிரி வண்டியொன்றைச் செய்தற்கும் துணைநின்றது. 2020இல் சுவீடன் நாட்டார் வழங்கும் சிறுவர் தட்பவெப்பப் பரிசு அவரை அடைந்தது. 2021இல் எர்த்ஷாட் பரிசின் இறுதிப் பதினைவருள் ஒருவராகவும் நின்றார். அவ்வாண்டு நவம்பரில் கிளாஸ்கோ நகரில் உலகத் தலைவர்கள் கூடிய தட்பவெப்ப மாநாட்டில், வெற்றுறுதிகளால் சலிப்புற்ற இளந்தலைமுறையின் குரலாக உரையாற்றினார்.

எர்த்ஷாட் பரிசில், காற்றைத் தூய்மை செய்தல் என்னும் பிரிவில் முதலிடம் அவர்க்குக் கிட்டவில்லை. அறுவடைக்குப்பின் வயலில் எரிக்கப்படும் தாளையும் வைக்கோலையும் எரிபொருளாகவும் உரமாகவும் மாற்றும் சிறு எந்திரத்துக்காக வித்யுத் மோகன் என்பார்க்கு அது சென்றது. இருவரும் நம் நாட்டினரே; இருவர் பொருளும் புகையே. ஒருவர் தெருமுனையில் தொடங்கினார், மற்றவர் வயலில் தொடங்கினார்.

இவ்விடத்து நம் மாணாக்கர் ஒன்றனைக் கவனித்தல் வேண்டும். வினிஷாவின் வண்டியை வியந்து, அதனைப் போன்றே ஒரு சிறு வண்டி செய்து கண்காட்சியில் வைப்பது ஆய்வாகாது. நும் தெருவில் இஸ்திரி போடுபவரிடம் சென்று, ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கரி செலவாகிறது, அதன் விலை என்ன, எத்தனை துணி மடிக்கிறார், கூலி என்ன, புதிய வண்டிக்கு முதல் எத்துணை ஆண்டில் திரும்பும் என்று கணக்கிட்டால் அஃது ஆய்வு. கரியினின்று விடுபட அவர் விழைகிறாரா என்று கேட்பதும் அதிற் சேரும். வாயு உருளையால் சூடேற்றும் பெட்டிகளும் இன்று சந்தையில் உள. மூன்றனையும் ஒப்பிட்டு, ஒரு துணிக்கு ஆகும் செலவைக் கணித்து, அட்டவணை ஒன்று வரைந்த பிள்ளைக்கு யாம் கோப்பையை மனமுவந்து தருவோம். வண்டி செய்யாவிடினும் தருவோம்.

திருவண்ணாமலையில் ஒரு தெருமுனை ஆய்வுக்களமாயிற்று எனின், நம் திருவெறும்பூரில் களத்துக்குப் பஞ்சமில்லை. எறும்பு வடிவுகொண்டு தேவர் வழிபட்டனர் என்று தலபுராணம் கூறும் எறும்பீசர் குன்றின்மேல் நின்று நோக்குவார்க்கு, பழமையும் புதுமையும் ஒருங்கே புலப்படும். 1960களில் எழுந்த பெருங்கொதிகலத் தொழிற்சாலையும் துப்பாக்கித் தொழிற்சாலையும், அவற்றைச் சூழ்ந்த குடியிருப்புகளும் பட்டறைகளும், வயல்களும், இடையே இருப்புப்பாதையும் தோன்றும். 2011இல் இவ்வூர் திருச்சிராப்பள்ளி மாநகராட்சியோடு இணைந்தது. ஊர் நகரமாகும்போது நீரும் குப்பையும் என்னாகின்றன என்பதனை அறிய இதனினும் சிறந்த பாடநூல் வேண்டா.

முதலில் உய்யக்கொண்டான் வாய்க்காலை எடுத்துக்கொள்வோம். சோழர் காலத்ததென்று கருதப்படும் இக்கால்வாய் காவிரியினின்று பேட்டைவாய்த்தலையிற் பிரிந்து, திருச்சிராப்பள்ளி நகரின் ஊடே வளைந்து சென்று, நம் பக்கத்து வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிகிறது. அதன் நீளம் சற்றேறக்குறைய 70 கிலோமீட்டர். நகருக்குட் புகுமுன் அது பாசன நீர். நகரைக் கடந்தபின் அதனோடு கழிவுநீரும் கலந்துவிடுகிறது. வாய்க்கால் மாசுற்றது என்பதனை யாவரும் அறிவர். அதனை மட்டும் எழுதி வருவது ஆய்வன்று. எவ்விடத்தில் எவ்வளவு மாசுற்றது, எத்திங்களில் மிகுதி, எந்த மதகுக்குக் கீழே திடீரென மாறுகிறது என்பனவே வினா. நகருக்கு மேல் ஓரிடம், நகரின் நடுவே ஓரிடம், நம் ஊர்ப்பக்கம் ஓரிடம் என மூன்று இடங்களைக் குறித்துக்கொள்க.

கருவிக்கு அஞ்ச வேண்டா. நம் காவிரிக்கரைத் திருவானைக்காவில் 1888இல் பிறந்த இராமன், பின்னாளில் ஒளிச்சிதறல் பற்றிய தம் பெருங்கண்டுபிடிப்பை மிக எளிய கருவிகளைக் கொண்டே நிகழ்த்தினார் என்பது உலகறிந்த செய்தி. நீரின் தெளிவை அளக்க உலகெங்கும் வழங்கும் கருவியோ இன்னும் எளியது. கயிற்றிற் கட்டிய ஒரு வெண்தட்டு. 1865இல் ஆஞ்சலோ செக்கி என்னும் இயேசுசபைக் குருவானவர், வானநூலிற் பெயர்பெற்றவர், மத்தியதரைக் கடலில் கப்பலிலிருந்து அதனை நீருக்குள் இறக்கி, எவ்வாழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று அளந்தார். இன்றும் அத்தட்டு அவர் பெயராலேயே வழங்குகிறது. வானத்து மீன்களை ஆராய்ந்தவர் நீரின் கலக்கத்தையும் அளந்தது எமக்கு மிகவும் உவப்பான செய்தி. ஆனால் நம் வாய்க்கால் ஆழங்குறைந்தது. தட்டு மறையுமுன் தரையைத் தொட்டுவிடும். ஆதலின், அடியில் கறுப்புக்கோடு இட்ட, ஒளி ஊடுருவும் நீண்ட குழாயில் நீரை மெல்ல ஊற்றி, மேலிருந்து நோக்கக் கோடு மறையும் உயரத்தைக் குறித்துக்கொள்வது தக்கது. பிறர் கருவியை நம் இடத்துக்கு ஏற்பத் திருத்திக்கொள்வதும் ஆய்வின் ஒரு பகுதியேயாம்.

வாய்க்காலில் வாழும் சிற்றுயிர்களும் அளவுகோல்களே. கல்லைப் புரட்டிப் பார்த்தால், மூன்று வால்நூல்களையுடைய மேயீயின் இளவுயிர் காணப்படுமாயின், நீரில் உயிர்வளி நிறைந்துள்ளது எனலாம். சேற்றில் செந்நிறப் புழுக்கள் மட்டுமே நெளியுமாயின், உயிர்வளி குன்றிய நிலையையும் தாங்கவல்லவையே அங்கு எஞ்சின என்று கொள்க. எத்தனை வகை உயிர் எவ்விடத்திற் கண்டோம் என்று எண்ணிவருதற்கு ஒரு வலையும், வெண்ணிறத் தட்டும், பொறுமையும் போதும். நீரில் இறங்கும்போது பெரியவர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும், இதில் விதிவிலக்கில்லை.

அளக்கும் நேரத்தையும் குறித்தல் இன்றியமையாதது. பாசியும் நீர்ச்செடியும் பகலில் உயிர்வளியை வெளியிட்டு, இரவில் அதனை உட்கொள்ளும். ஆதலின் விடியற்காலையில் உயிர்வளி மிகக் குறைந்தும், பிற்பகலில் மிகுந்தும் இருக்கும். ஒரு குழு காலை 6 மணிக்கு மேலிடத்திலும், பிற்பகல் 3 மணிக்குக் கீழிடத்திலும் அளந்துவிட்டு, நகரம் நீரைத் தூய்மை செய்கிறது என்று முடிவுகட்டினால் என் செய்வது? அறிக்கையில் எண்கள் மெய்யாக இருக்கும். முடிவு பொய்யாக இருக்கும். மதிப்பிடுவோர் பலர் இதனை வினவுவதேயில்லை.

குடிநீரைச் சோதிக்க நம் நாட்டிலேயே பிறந்த ஒரு முறையுண்டு. மஞ்சா என்பாரும் அவரோடு உழைத்தோரும் 1982இல் வெளியிட்டது அது. ஊட்டப்பொருளும் இரும்புச்சத்தும் தோய்த்து உலர்த்திய தாள் ஒரு சிறு புட்டியில் இருக்கும். அதில் நீரை ஊற்றி, ஓரிரு நாள் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், மலத்தோடு தொடர்புடைய நுண்ணுயிர்கள் இருப்பின் நீர் கறுக்கும். இதனை வாய்க்கால் நீருக்குச் செய்வது வீண். எங்கெடுத்தாலும் கறுக்கும், புதிதாக ஒன்றும் அறியோம். பள்ளியின் மேல்நிலைத் தொட்டி, குழாய், மாணாக்கர் வீட்டுக் குடம் ஆகிய மூன்றிலும் செய்து ஒப்பிட்டால், நீர் தொட்டியிற் கெடுகிறதா, வழியிற் கெடுகிறதா, வீட்டில் மொள்ளும் கையாற் கெடுகிறதா என்று விளங்கும். கறுத்தவுடன் நோய் வந்துவிட்டதென்று ஊரைக் கலக்குதலும் ஆகாது, கறுக்கவில்லையென்று முற்றும் நம்பிவிடுதலும் ஆகாது. மீண்டும் சோதித்து, சுகாதாரத் துறையினரிடம் உரைத்தலே முறை. சோதித்த புட்டியைக் குழந்தைகள் திறத்தலும் கூடாது.

இனிக் குப்பை. அரியமங்கலத்தில் ஏறத்தாழ 47 ஏக்கர்ப் பரப்பில் மாநகரின் குப்பை பல்லாண்டுகள் குவிக்கப்பட்டு மலையாயிற்று. காற்றுப் புகாத ஆழத்தில் உணவுக்கழிவு அழுகுங்கால் எரியத்தக்க மீத்தேன் வாயு பிறக்கும். கோடையில் அம்மலை பற்றியெரிந்து, புகை சுற்றுப்புறங்களைச் சூழ்ந்தது ஒருமுறையன்று. 2016இல் தூய்மைக்கான நாடளாவிய கணக்கெடுப்பில் திருச்சிராப்பள்ளி மூன்றாமிடம் பெற்றது. அப்போதும் அம்மலை அங்கேயே நின்றது. நகரைப் பழித்தற்கு இதனைக் கூறவில்லை. வீட்டிலேயே பிரித்து வாங்குவதிலும் சிறுசிறு உரக்கூடங்களை அமைப்பதிலும் அந்நகரம் உழைத்தமை உண்மை; பழங்குப்பையைச் சலித்துப் பிரிக்கும் பணியும் பின்னர்த் தொடங்கிற்று. ஒரு விருது எதனை அளக்கிறது, எதனை அளவாமல் விடுகிறது என்று வினவும் பழக்கம் நகரத்துக்கும் வேண்டும், பள்ளிக்கும் வேண்டும் என்பதே எம் கருத்து.

பள்ளியில் இதற்கேற்ற ஆய்வு, நண்பகல் உணவின் எச்சத்தைப் பத்து நாள் நிறுத்துப் பார்த்தலாம். ஒரு நாள் 4 கிலோவும் மறுநாள் 9 கிலோவும் வந்தன என்று கொள்வோம். சராசரி ஆறரை கிலோ என்று எழுதி முடிப்பவர் பாதியையே கண்டவர். அன்று என்ன சோறு, எத்தனை பேர் வந்தனர், மழை பெய்ததா, விளையாட்டு வகுப்பு உணவுக்கு முன்னிருந்ததா பின்னிருந்ததா என்று உடன் குறித்தவர்க்கே, எச்சம் ஏன் மிகுந்தது என்பது புலனாகும். உரக்குழி வெட்டுவது நன்றே. குறைவாக எறிவது அதனினும் நன்று.

நல்வாழ்வு என்னும் பகுதியில் ஆய்வு செய்வார்க்கு இன்னும் ஒரு பொறுப்புண்டு. ஏனெனில் இங்கு அளக்கப்படுவோர் மனிதர். பள்ளிநேரத்தில் மாணாக்கர் எவ்வளவு நீர் அருந்துகின்றனர் என்பது எளிய வினாப்போலத் தோன்றும். அதன் அடியில் மறைந்திருப்பதோ கழிப்பறை. கதவில்லாத, நீரில்லாத கழிப்பறைக்குச் செல்ல நாணி, காலைமுதல் மாலைவரை நீரருந்தாதிருக்கும் பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர். நீரருந்த மணியடிக்கும் வழக்கத்தைக் கேரளப் பள்ளிகள் 2019இல் மேற்கொண்டன. 2025இல் தமிழகப் பள்ளிகளிலும் அம்மணி ஒலிக்கத் தொடங்கிற்று. நல்ல ஏற்பாடு, ஆயின் மணியடித்தபின் அருந்தும் அளவு உயர்ந்ததா, உயராவிடின் காரணம் தாகமின்மையா கழிப்பறையா என்பதனை ஒரு பள்ளிக் குழு ஆராய்ந்து கூறுமாயின், அஃது எக்கோப்பைக்கும் உரியதே.

இவ்வாய்வில் வினாத்தாளிற் பெயர் எழுதச் சொல்லலாகாது. பெண்பிள்ளைகளைப் பெண்பிள்ளைகளே வினவல் வேண்டும். விடை கூற விரும்பாதாரை வற்புறுத்தலாகாது. பெற்றோரின் இசைவும் தலைமையாசிரியரின் இசைவும் முன்னரே பெறல் வேண்டும். கண்காட்சி மேடையில் ஒருவரது துயரைப் படம் எடுத்துக் காட்டுதல் ஆய்வுமன்று, நாகரிகமுமன்று.

கழிப்பறையை ஆய்வுப்பொருளாகக் கொள்வதில் இழிவில்லை என்பதற்கு நம் மாவட்டமே சான்று. திருச்சிராப்பள்ளியில் 1987இல் தோன்றிய கிராமாலயா என்னும் தொண்டு நிறுவனம், சிற்றூர்தோறும் கழிப்பறை அமைக்கும் பணியை மேற்கொண்டது. அதன் நிறுவனர் தாமோதரன் 2022இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். முசிறிப் பக்கத்தில், மனிதக் கழிவை நீரின்றிப் பிரித்து உரமாக்கும் கழிப்பறைகளைப் பரப்பிய சுப்புராமன் அதற்கு முந்திய ஆண்டில் அவ்விருதையே பெற்றார். இருவரும் தொடங்கிய காலத்தில் இப்பொருளை மேடையிற் பேசவும் பலர் கூசினர்.

மதிப்பிட அமர்வோர்க்கும் இரண்டொரு சொல் உண்டு. உருவமைப்பைக் காண்பதற்கு முன் நாட்குறிப்பேட்டைக் கேளுங்கள். ஒரே மையால், ஒரே கையெழுத்தில், ஒரு திருத்தமும் இன்றி எழுதிய ஏடு ஒரே இரவில் எழுதப்பட்டது. மழையில் நனைந்து மை கலங்கிய ஏடும், “இன்று அளக்க மறந்தோம்” என்று எழுதிய ஏடும், முதல் வாரத்தின் எண்களை மூன்றாம் வாரத்தில் ஐயுற்றுக் கோடிட்ட ஏடும் மெய்யானவை. பின்னர், தாம் எதிர்பார்த்ததற்கு மாறாக வந்தது யாதென்று வினவுங்கள். ஒன்றுமில்லை என்ற விடை வந்தால், அக்குழு விடையை முன்னே வைத்து ஆய்வைப் பின்னே செய்தது என்று பெரும்பாலும் கொள்ளலாம். வேப்பிலைப் பொடி தூவியும் கொசுப்புழு சாகவில்லை என்று கண்டு, அதனை அவ்வாறே எழுதிய சிறுவர்க்குத் தோல்வி மதிப்பெண் இடுதல், அவரைப் பொய்யெழுதப் பழக்குவதாகும். இறுதியாக, கண்டதனை யாரிடம் உரைத்தீர் என்று கேளுங்கள். வாய்க்காலின் அளவைகளை நீர்வளத்துறைப் பொறியாளரிடமும், வார்டு உறுப்பினரிடமும், கரையில் துணி வெளுப்பவரிடமும் காட்டிய பிள்ளைக்கும், நடுவரிடம் மட்டும் காட்டிய பிள்ளைக்கும் வேற்றுமை உண்டன்றோ?

பரிசுத் தொகையைப் பற்றியும் எமக்கு ஒரு விருப்பமுண்டு. வெள்ளிக்கோப்பை ஒருவர் வீட்டு அலமாரியில் உறங்கும். அப்பணத்தால் ஒரு நிறைகோலும், வெப்பமானியும், உயிர்வளி அளக்கும் மருந்துப் பெட்டியும் வாங்கி, வென்றோர் பெயரைப் பொறித்து, அப்பள்ளியிலேயே வைத்தால், அடுத்த ஆண்டுப் பிள்ளைகள் அவற்றை எடுத்துச்சென்று அதே மூன்று இடங்களில் அளப்பர். ஓராண்டின் அளவை செய்தி. பத்தாண்டின் அளவையோ வாய்க்காலின் வரலாறு. அத்தகைய தொடர்ந்த பதிவுகளைப் பிள்ளைகளே உண்டாக்கிவிடலாம்.

ஆய்வு தொடங்க உகந்த காலத்தைச் சொல்லி அமைவோம். மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. பள்ளிகளும் ஏறத்தாழ அப்போதே திறக்கின்றன. புதுநீர் வாய்க்காலில் வந்த முதல் வாரத்தில் ஓரளவை, ஆடிப்பெருக்கை ஒட்டி ஓரளவை, ஐப்பசி மழையில் ஓரளவை எடுத்துவிட்டால், மாநாடுகள் வழக்கமாகக் கூடும் ஆண்டிறுதிக்குள் அறிக்கை அமையும். பெரும்பாலோர் அத்துடன் ஏட்டை மூடிவிடுவர். மேலிருந்து வரும் நீர் நின்றுவிடும் கோடைத்திங்களில், வாய்க்காலில் ஓடுவது நாம் விடும் நீர் மட்டுமே. சித்திரையில் ஒருநாள் விடியற்காலையில், தேர்வும் முடிந்து, நடுவரும் இல்லாத வேளையில், அதே மூன்று இடங்களுக்குச் சென்று அளப்பாராக.